ரம்பம் ஓடினா லேப்டாப் திரை சிமிட்டுது, சில நேரம் முழு இருட்டு: பேனலா, கரண்டா?

மரக்கணக்கு, பிரானூர்:

எல்லாருக்கும் வணக்கம். செங்கோட்டை பக்கம் பிரானூர்ல ஒரு மர அறுவை மில்லுல கணக்கு எழுதுதேன். வந்து இறங்குன தடி, அறுத்த சைஸு, கன அடி, லோடு பில், இ-வே பில், ஜிஎஸ்டி எல்லாமே ஒரே லேப்டாப்புலதான். அது படுத்துட்டா மில்லுல இருந்து ஒரு லோடு வெளிய போகாது.

கொஞ்ச நாளா அதோட திரை படுத்துது. மொதல்ல மேல் ஓரத்துல ஒரு பட்டை மட்டும் நடுங்கும், தானா நின்னுரும். பொறவு திரை முழுக்க சிமிட்ட ஆரம்பிச்சது. இப்ப நல்லா ஓடிக்கிட்டு இருக்கும்போதே மொத்தமா கருப்பாயிருது. மிஷின் சாகல. ஃபேன் சத்தம் கேக்கு, கேப்ஸ் லாக்க அமுத்தினா அந்தச் சின்ன லைட்டு எரிஞ்சு அணையுது. கருப்பா இருந்த நேரத்துல நான் தட்டின எண்ணு கூட டேலியில (கணக்கு எழுதுத சாஃப்ட்வேர்) பதிவாயிருக்கு, படம் திரும்ப வந்தப்ப பாத்தேன்.

நான் கவனிச்சத அப்படியே சொல்லுதேன். பெரிய ரம்பத்த ஸ்டார்ட் பண்ணுத நேரத்துல கட்டாயம் சிமிட்டும். அதே நேரத்துல ஆபீஸ் டியூப் லைட்டும் ஒரு தடவ மங்கி வரும். அதனால கரண்டுதான் காரணம்னு முதலாளி சொல்லுதாரு, ஸ்டெபிலைசர் வாங்கித் தாரேன்னு நிக்காரு. மூடிய நம்ம பக்கமா கொஞ்சம் சாய்ச்சா படம் வருது, நல்லா நிமித்தினா போயிருது. சாரல் அடிக்குத காலையில ரொம்ப மோசம், வெயில் ஏறினா கொஞ்சம் பரவால்ல. ஆரியங்காவு கணவாய் காத்து நேரா எங்க ஆபீஸ் ஜன்னலுக்குத்தான் வருது, கூடவே மரத்தூளும்.

ஒரு கடையில கொண்டு காட்டினேன். மேசையில வச்சு ஆன் பண்ணிப் பாத்துட்டு, "பேனல் போச்சு, 7500 ஆகும், வச்சுட்டுப் போங்க"ன்னாங்க. ஒரு ஸ்குரூ கூடக் கழட்டல. மூடிய அசைச்சா படம் வருதேன்னு நான் சொன்னதுக்கு, "பேனல் போனா அப்பிடித்தான்"ன்னாங்க. எனக்கு அது மனசுக்கு ஒப்பல, எடுத்துட்டு வந்துட்டேன். பணம் முதலாளியோடது. புதுப் பேனல் போட்ட பொறவும் சிமிட்டிச்சுன்னா அவருகிட்ட நான் என்ன சொல்லுவேன்? 20-ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் வேற போடணும்.

எதுல ஆரம்பிச்சு எத எதப் பாக்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. செலவு பண்ணுததுக்கு முன்னால கோளாறு எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியணும்.

கடையநல்லூரான்:

அக்கா, ஸ்டெபிலைசர், பேனல் ரெண்டையும் கொஞ்சம் நிறுத்தி வைங்க. இது விண்டோஸ் பக்கத்துக் கோளாறா, சாமான் பக்கத்துக் கோளாறான்னு மொதல்ல பிரிச்சுருவோம். அதுக்குப் பைசா செலவில்ல.

திரை சிமிட்டிக்கிட்டு இருக்கும்போதே கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேத்து அமுத்துங்க. டாஸ்க் மேனேஜர் திறக்கும். அது மட்டும் அசையாம நின்னு, பின்னால இருக்கது எல்லாம் சிமிட்டினா ஏதோ ஒரு புரோகிராம் பண்ணுத வேலை. டாஸ்க் மேனேஜரும் சேந்து சிமிட்டினா டிஸ்ப்ளே டிரைவரை, அதாவது திரைய இயக்குத சாஃப்ட்வேரைப் பாருங்கன்னு மைக்ரோசாஃப்ட்டே சொல்லுது. ஆனா கேபிள் கோளாறா இருந்தாலும் டாஸ்க் மேனேஜர் சேந்துதான் சிமிட்டும். அதனால இதோட நிறுத்தாம பயாஸுக்குள்ள, அதாவது விண்டோஸ் ஏறுததுக்கு முன்னால வர்ற செட்டிங்ஸ் பக்கத்துக்குள்ள போய்ப் பாருங்க. ஆன் பண்ணின உடனே எஃப் 2-வைத் தட்டிக்கிட்டே இருந்தா உள்ள போகும், சில கம்பெனிக்கு எஃப் 10 இல்லன்னா டெலீட். அங்க விண்டோஸும் கிடையாது, விண்டோஸோட டிரைவரும் கிடையாது. அங்கயும் சிமிட்டினா சாஃப்ட்வேரை விட்டுரலாம்.

பொறவு எச்.டி.எம்.ஐ. ஒயர் ஒண்ணு எடுத்து டிவியில மாட்டுங்க. லேப்டாப் திரை கருப்பாகுத நேரத்துல டிவியில படம் நிக்குதான்னு பாக்கணும். டிவியில எதுவுமே வரலன்னா விண்டோஸ் விசையோட 'பி' (P) அமுத்தி, கீழ் அம்புக்குறிய ஒரு தடவ தட்டி என்டர் குடுங்க. வராட்டி மறுபடி அதையே செய்யுங்க.

திடீர்னு கருப்பாச்சுன்னா விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிஃப்ட், 'பி' (B) நாலையும் சேத்து அமுத்திப் பாருங்க. ஒரு பீப் சத்தம் வரும், கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் திரும்ப ஏறும். டேலியில தட்டினது எதுவும் போகாது, பயப்படாண்டாம். இதுல படம் வந்துட்டா டிரைவர் மேல சந்தேகம் வைக்கலாம். டிவைஸ் மேனேஜர்ல போய் பழைய டிரைவருக்குத் திருப்புதது ஒரு அஞ்சு நிமிச வேலை.

சுரண்டைப் பையன்:

எனக்கும் இதே மாதிரி வந்துச்சு. விண்டோஸை அழிச்சுட்டு புதுசா போட்டேன், சரியாயிட்டு. ஃபார்மேட் அடிச்சுருங்க.

மரக்கணக்கு, பிரானூர்:

தம்பி கடையநல்லூரான், நீங்க சொன்னபடியே எல்லாம் பாத்துட்டேன்.

டாஸ்க் மேனேஜரும் சேந்துதான் சிமிட்டுது. பயாஸுக்குள்ள போனேன், அங்கயும் அதே நடுக்கம். மூடிய நிமித்தினதும் அங்கயும் கருப்பு. நாலு விசை சேத்து அமுத்தினதுல பீப் சத்தம் வந்துச்சு, படம் வரல. அந்த நேரத்துல மூடிய சாய்ச்சேன், உடனே வந்துட்டு.

டிவி விசயம்தான் எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்துச்சு. வீட்டுல கொண்டு போயி டிவியில மாட்டினேன். லேப்டாப் திரை செத்துக் கெடக்கு, டிவியில டேலி ஒரு அசைவு இல்லாம நிக்கு. சத்தியமா ஒரு கோடு கூட விழல.

சுரண்டைத் தம்பி கோவிச்சுக்காதீங்க. இதுல மூணு வருசக் கணக்கு இருக்கு, அழிக்க மனசு வரல.

புனலூர் சர்வீஸ்:

தங்கச்சி, ஃபார்மேட் பக்கமே போகாதே. பயாஸுல சிமிட்டுற திரைக்கு விண்டோஸை மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல. கணக்கு போனதுதான் மிச்சமாகும். நான் புனலூர்ல சர்வீஸ் கடை வச்சிருக்கேன், பூர்வீகம் செங்கோட்டை. மலைக்கு ரெண்டு பக்கத்து மிஷினும் என் மேசைக்கு வரும், மில்லு மிஷினும் வரும். உன் கேள்விய வாசிச்சதும் எழுதாம இருக்க முடியல, ஏன்னா மூடிய அசைச்சுப் பாத்து நீ சொன்ன அந்த ஒரு அடையாளத்த அந்தக் கடைக்காரர் காதுல வாங்கியிருக்கணும்.

மொத வேலையா இன்னைக்கே டிவியில மாட்டி டேலி டேட்டாவ பென் டிரைவ்ல பேக்கப் எடு. ஒண்ணு வீட்டுல, ஒண்ணு மில்லுல இருக்கட்டும். 3பி-யையும் டிவியில வச்சே போட்டுரலாம். அத முடிச்சுட்டா அவசரம் போயிரும். அவசரத்துல கடைக்குப் போனா கடைக்காரர் சொன்ன விலைதான்.

டிவியில படம் அசையாம நிக்குன்னா போர்டு, ராம், கிராபிக்ஸ் எல்லாம் படத்த உண்டாக்குற வேலைய ஒழுங்கா செய்யுதுன்னு பெரும்பாலும் எடுத்துக்கலாம். போர்டுல உண்டாகுற படம் திரைக்குப் போற வழியில, இல்லன்னா திரையிலயே கோளாறு இருக்கு. அந்த வழிங்குறது ஒரு கேபிள். இப்ப வர்ற மிஷின்ல இ.டி.பி. கேபிள், பழைய மிஷின்ல எல்.வி.டி.எஸ். முடி கனத்துக் கம்பிகள சேத்து, கருப்புத் துணி டேப் சுத்தி, கீலுக்குள்ளயோ கீலை ஒட்டியோ கொண்டு போயிருப்பாங்க. மூடிய ஒவ்வொரு தடவ திறந்து மூடும்போதும் அது அதே இடத்துல மடங்கும். பல வருசம் ஒரே இடத்துல மடங்கின கம்பி உள்ளயே அறும், வெளிய பாத்தா முழுசா தெரியும். ஒரு கோணத்துல அறுந்த நுனி ரெண்டும் தொட்டுக்கிடும், படம் வரும். இன்னொரு கோணத்துல விலகும், போயிரும். பேனல் கெட்டா பெரும்பாலும் கோணம் பாத்துக் கெடாது. கோடு விழுந்தா எப்பிடி வச்சாலும் அந்தக் கோடு நிக்கும், உடைஞ்ச எடத்துல மை பரவினாப்புல கறுப்பு இருக்கும்.

இது ஏதோ மலிவான மிஷினுக்கு மட்டும் வர்ற சீக்குன்னு நினைக்காதே. 2016-ல வந்த மேக்புக் புரோவுல இதே பிரச்சின உலகம் முழுக்கப் பேசப்பட்டது. மூடிய ஒரு அளவுக்கு மேல திறந்தா, திரைக்குப் பின்னால இருந்து வெளிச்சம் குடுக்குற பேக்லைட் போயிரும். 13 அங்குல மாடலுக்கு ஆப்பிள் 2019 மே மாசம் இலவசமா சரி பண்ணித் தர்ற திட்டம் அறிவிச்சாங்க. 2018-ல வந்த மாடலத் திறந்து பாத்தவங்க, அந்தக் கேபிள் பழசவிட ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் கூடுதல் நீளமா இருந்ததக் கண்டாங்க. மடங்குற கேபிளுக்கு அந்த ரெண்டு மில்லிமீட்டர் பெரிய விசயம்.

இனி உங்க முதலாளி சொல்லுற கரண்டு விசயம். ரம்பத்து மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது, ஓடுறப்ப இழுக்குறதவிட அஞ்சாறு மடங்கு கரண்டு இழுக்கும். டியூப் லைட் மங்குறது அதனாலதான், அவரு பாத்தது தப்பில்ல. ஆனா லேப்டாப் அடாப்டரத் திருப்பிப் பாரு, 100 முதல் 240 வோல்ட்னு அச்சடிச்சிருக்கும். 230 வோல்ட் ஒரு நொடி 190-க்கு இறங்கினா அதுக்கு ஒரு பொருட்டே இல்ல. அதுக்கும் மேல உள்ள பேட்டரி இருக்கு. அப்ப ரம்பம் ஓடும்போது ஏன் சிமிட்டுது? என் சந்தேகம் அதிர்வு மேலதான். நம்ம ரெண்டு பேரும் வாதாட வேண்டாம், நீயே பாத்துச் சொல்லு. அடாப்டரப் பிடுங்கிரு, பேட்டரியில மட்டும் ஓடட்டும். ரம்பத்த ஸ்டார்ட் பண்ணச் சொல்லு. அப்பவும் சிமிட்டினா லைன் கரண்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அடுத்து லேப்டாப்ப மேசையில இருந்து எடுத்து மடியில வச்சுக்கிட்டு அதே சோதனையச் செய்.

ஒரு விசயம் தனியா ஞாபகம் வச்சுக்கோ: சில மிஷின்ல அடாப்டரப் பிடுங்கின உடனே வெளிச்சம் குறையும், இல்லன்னா ஒரு நொடி கருப்பாகி வரும். பேட்டரிக்கு மாறினதும் ரெஃப்ரெஷ் ரேட்ட, அதாவது ஒரு நொடிக்குத் திரை எத்தன தடவ படத்தப் புதுசா காட்டுதுங்குற அளவக் குறைக்குற ஏற்பாடு அது. கோளாறுன்னு எடுத்துக்காதே. பிடுங்கி ஒரு நிமிசம் விட்டு அப்புறம் ரம்பத்த ஓட விடு.

திரை கருப்பா இருக்கும்போது ஆபீஸ் லைட்ட அணைச்சுட்டு, மொபைல் டார்ச்ச திரைக்குச் சரிவா அடிச்சுப் பாரு. மங்கலா டேலி எழுத்து தெரிஞ்சா, படம் வந்து சேருது, அதுக்குப் பின்னால இருக்குற பேக்லைட் மட்டும் எரியலன்னு அர்த்தம். ஒண்ணுமே தெரியலன்னா படமே வரல.

மூணும் பாத்துட்டு எழுது. அதுவரைக்கும் யாரையும் திறக்க விடாதே, நீயும் திறக்காதே. காரணத்தையும் சொல்லிருதேன். அந்தக் கேபிள்ல படத்துக்கான கம்பியும் பேக்லைட்டுக்கான மின்கம்பியும் பக்கத்துப் பக்கத்துல போகுது. படச் சர்க்யூட்டுக்கு 3.3 வோல்ட், பேக்லைட்டுக்கு அதவிடப் பல மடங்கு. பவர் பட்டனை அணைச்சாலும் பேட்டரி போர்டோட சேந்திருக்குற வரைக்கும் ஆபத்து இருக்கு. அந்த நிலையில கேபிள லேசாக் கோணலா இழுத்தாலோ சொருகினாலோ பக்கத்துப் பின்னுல தொட்டு, போர்டுல இருக்குற பேக்லைட் ஃபியூஸ் போயிரும். கடுகத்தனை சாமான் அது. போன பொறவு புதுக் கேபிள் போட்டாலும் வெளிச்சம் வராது, போர்டு வேலைன்னு தனியா ஒரு செலவு வரும். சின்ன வேலைய எடுத்துட்டுப் போய் பெரிய வேலையா திருப்பிக் கொண்டு வந்தவங்க என் கடைக்கு நிறையப் பேர் வந்திருக்காங்க. பாவமா இருக்கும். அதனால யார் திறந்தாலும் மொதல்ல பேட்டரி கனெக்டரக் கழட்டணும்.

பீர்மேடு டீச்சர்:

அண்ணன் சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தத் தலைப்பைத் தேடி வேறு யாராவது வந்தால் உதவும் என்பதற்காக எழுதுகிறேன். தமிழ் மீடியம் பள்ளியில் வேலை பார்க்கிறேன். வினாத்தாள் தட்டிக்கொண்டிருக்கும்போது என் லேப்டாப் திரை சட்டென்று அணையும், கொஞ்ச நேரத்தில் தானாக வரும். கோணமும் இல்லை, அதிர்வும் இல்லை, வைரஸாக இருக்குமோ என்று பயந்தேன்.

எங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் என் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தார். என் மொபைலுக்கு மூடுகிற உறை போட்டிருக்கிறேன், மூடி ஒட்டிக்கொள்ள அதில் காந்தம் இருக்கிறது. தட்டும்போது மொபைலை விசைப்பலகைக்குக் கீழே, இடது கை வைக்கும் இடத்தில் வைத்துவிடுவேன். லேப்டாப் மூடியில் ஒரு சிறு காந்தமும், கீழ்ப்பகுதியில் அதை உணர்கிற சென்சாரும் இருக்குமாம். மூடியதும் திரை அணைவது அதனால்தான். என் மொபைல் காந்தத்தை மூடியின் காந்தம் என்று அது எடுத்துக்கொண்டிருக்கிறது. மொபைலைத் தள்ளி வைத்ததிலிருந்து திரை அணையவே இல்லை. காந்த வளையல், காந்தப் பூட்டு உள்ள கைப்பை, ஒன்றின் மேல் ஒன்றாக லேப்டாப்பை அடுக்குவது எல்லாவற்றிலும் இதே தொந்தரவு வரலாம் என்று சொன்னார்.

இன்னொன்று, மழைக்காலத்தில் எங்கள் ஊரில் பூட்டிய இரும்பு அலமாரிக்குள் எல்லாமே நமத்துப்போகும். அலமாரியிலிருந்து எடுத்தவுடன் ஆன் செய்யாமல், அறைச் சூட்டுக்கு வரட்டும் என்று கொஞ்ச நேரம் விடுவேன். பையில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வைத்திருக்கிறேன்.

மரக்கணக்கு, பிரானூர்:

அண்ணாச்சி, பேக்கப் ரெண்டு பென் டிரைவ்ல எடுத்தாச்சு. 3பி-யும் டிவியில வச்சே முடிச்சுட்டேன். டீச்சர், என் மொபைலுக்கு உறை கிடையாது, இருந்தாலும் தள்ளித்தான் வச்சேன். சிமிட்டல் மாறல.

இனி அண்ணாச்சி சொன்ன சோதனை. அடாப்டரப் பிடுங்கிட்டு ரம்பத்த ஓட்டச் சொன்னேன். டியூப் லைட் மங்கிச்சு, லேப்டாப்பும் சிமிட்டிச்சு. முதலாளியக் கூப்பிட்டு நிக்க வச்சே காட்டினேன். அவரு ஒயரக் கையில பிடிச்சுப் பாத்துட்டு, "அப்ப கரண்டு இல்ல"ன்னு ஒத்துக்கிட்டாரு.

பொறவு மடியில வச்சேன். ரம்பம் ஓடுது, ரெண்டு தேக்குத் தடி அறுத்து முடியுத வரைக்கும் பாத்தேன், ஒரு சிமிட்டல் இல்ல. திரும்ப மேசையில வச்சதும் ஆரம்பிச்சுட்டு. எங்க மேசை சுவத்தோட ஒட்டிப் போட்டிருக்கு, அந்தச் சுவத்துக்கு அங்கிட்டுதான் ரம்பம். மேசை மேல கைய வச்சுப் பாத்தா உள்ளங்கையில விறுவிறுன்னு தெரியுது. இத்தன நாளா அது மேல உக்காந்து எழுதியும் கவனிக்கல. சாக்கு நாலா மடிச்சு லேப்டாப்புக்கு அடியில போட்டேன், நல்லாவே குறைஞ்சிருக்கு.

டார்ச் அடிச்சதுல டேலி கட்டம் மங்கலாத் தெரியுது. படம் இருக்கு, வெளிச்சம் இல்ல.

இப்ப கடையில போயி நான் என்ன கேக்கணும்?

புனலூர் சர்வீஸ்:

நல்லாப் பாத்திருக்க தங்கச்சி. நூத்துக்குத் தொண்ணூறு இது கேபிள்தான். படம் வருது, கோணத்துக்கும் அதிர்வுக்கும் தக்க வெளிச்சம் மட்டும் போகுது வருதுன்னா பேக்லைட்டுக்குப் போற கம்பி கீல்கிட்ட அறுந்து தொட்டுக்கிட்டு இருக்கு, இல்லன்னா கனெக்டர் தளர்ந்து பிடிப்பு இல்லாம இருக்கு. மிச்சப் பத்து பேனல் பக்கத்து கனெக்டர்ல இருக்கலாம். அதையும் திறந்தாத்தான் தெரியும்.

என் கடைக்கு மலையேறி வரணும்னு இல்ல, தென்காசியிலயே நல்லா வேலை தெரிஞ்சவங்க இருக்காங்க. போயி, "பேனல் மாத்தணுமா"ன்னு கேக்காதே. "கேபிளச் சோதிக்கணும், என் கண்ணு முன்னால திறப்பீங்களா"ன்னு கேளு. மாட்டேன்னா வந்துரு. திறந்ததும் மொதல்ல பேட்டரி கனெக்டரக் கழட்டுறாங்களான்னு பாரு. அடுத்து கேபிளோட ரெண்டு முனையையும் எடுத்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால துடைச்சு, திரும்பச் சொருகி ஓட்டிப் பாக்கட்டும். சாரல் ஈரத்துல கனெக்டர் பின்னுல பச்சை பூத்திருக்க வாய்ப்பு இருக்கு. காலையில மோசம், வெயில்ல பரவால்லன்னு நீ சொன்னது எனக்கு அதையும் நினைக்க வைக்குது. அதுல நின்னுட்டா துடைச்ச கூலியோட போச்சு. நிக்கலன்னா கேபிள் மாத்தட்டும்.

கீலையும் பாக்கச் சொல்லு, இத விட்டுராதே. மரத்தூள் கீலுக்குள்ள போய் இறுகியிருந்தா மூடியத் திறக்குற பலம் முழுக்க பிளாஸ்டிக்ல புதைச்ச பித்தளை மரைக்குப் போகும். அது பிளாஸ்டிக்கோட பெயர்ந்து வந்துரும். பெயர்ந்த கீல் கேபிள நசுக்கும். கீலைச் சரி பண்ணாம கேபிள மட்டும் மாத்தினா கொஞ்ச மாசத்துல அதே எடத்துல திரும்பவும் அறும்.

மரக்கணக்கு, பிரானூர்:

வேலை முடிஞ்சது. நடந்தத எழுதிருதேன், யாருக்காவது ஆகும்.

மொத கடைக்குப் போகல, வேற கடைக்குப் போனேன். சின்னக் கடை, ஒரு அண்ணன் மட்டும் இருந்தாரு. கேபிளச் சோதிக்கணும்னு சொன்னதும் மூடிய ரெண்டு தடவ அசைச்சுப் பாத்துட்டு, "ஆமா, உக்காருங்க"ன்னாரு. நான் கேக்குததுக்கு முன்னாலயே பேட்டரியக் கழட்டினாரு, அப்பவே எனக்கு நம்பிக்கை வந்துட்டு.

திரையச் சுத்தியிருக்க பிளாஸ்டிக் சட்டத்த நெம்பி எடுத்ததும் இடது கீல் பக்கம் மரத்தூள் ஈரத்துல ஊறி, காஞ்சு, கட்டியா ஒட்டிக் கெடந்துச்சு. பிரஷ்ஷால போகல, குச்சி வச்சுச் சுரண்டினாரு. அதுக்கடியில கேபிள். கருப்பு டேப்பு ஒரு விரல்கடை நீளத்துக்குத் தேஞ்சு, உள்ள செம்புக் கம்பி பளிச்சுன்னு தெரிஞ்சது. லென்ஸ் குடுத்து என்னையவே பாக்கச் சொன்னாரு. ரெண்டு கம்பி முழுசா அறுந்திருக்கு, ஒண்ணு பாதி. கீலைப் பிடிச்சிருந்த மூணு பித்தளை மரையில ரெண்டு பெயர்ந்து ஆடிக்கிட்டு இருந்துச்சு. அண்ணாச்சி நேர்ல பாத்த மாதிரி சொல்லியிருக்கீங்க.

கனெக்டரத் துடைச்சுப் போட்டும் பாத்தாரு, சிமிட்டல் நிக்கல. கேபிள வரவழைச்சு மாத்தினாரு. மரைய எபாக்ஸி வச்சு ஒட்டி ஒரு ராத்திரி காய விட்டு, கீல் ஸ்குரூவக் கொஞ்சம் தளத்திக் குடுத்தாரு. இப்ப மூடி லேசாத் திறக்குது. கேபிள், கூலி எல்லாம் சேத்து, பேனலுக்குச் சொன்ன ரூபாயில கால் பங்கு கூட வரல. பேனல் பழையதுதான், ஒரு குறையும் இல்ல.

மேசைய முதலாளி சுவத்தவிட்டு ஒரு சாண் தள்ளிப் போடச் சொல்லிட்டாரு. ஜன்னலுக்கு கொசுவல அடிச்சாச்சு. சாயங்காலம் போகும்போது லேப்டாப்ப மூடி, துணிப் பையில போட்டுத்தான் வைக்கேன்.

கடையநல்லூரான்:

ரொம்ப சந்தோசம் அக்கா. புனலூர் அண்ணனுக்கு ஒரு கேள்வி: கேபிள வாங்கும்போது மாடல் பேரச் சொன்னாப் போதுமா? ஒரே மாடலுக்கு ரெண்டு மூணு விதக் கேபிள் காட்டுதாங்களே.

புனலூர் சர்வீஸ்:

மாடல் பேரை நம்பி வாங்காதே தம்பி. ஒரே மாடல்ல டச் திரை, டச் இல்லாத திரை, சாதா 60 ஹெர்ட்ஸ், அதுக்கு மேல ஓடுற திரைன்னு பல வகை வரும். சாதா திரைக்கு பெரும்பாலும் 30 பின், டச்சுக்கும் வேகம் கூடின திரைக்கும் பெரும்பாலும் 40 பின். மாத்திப் போட்டா பொருந்தாது, பொருத்த நினைச்சு அமுக்கினா கனெக்டர் உடையும். பழைய கேபிள்லயே ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், கீழ்ப்பகுதியில போர்டுக்குப் பக்கத்துல தேடு. அதுல இருக்குற பார்ட் நம்பர அப்படியே மொபைல்ல படம் எடுத்துக்கிட்டு அத வச்சு வாங்கு. ஸ்டிக்கர் அழிஞ்சிருந்தா பழைய கேபிளையே கையோட கொண்டு போயி, முனைகளையும் நீளத்தையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டு வாங்கு. பின்னு எண்ணி சரியா இருந்தாலும் நீளம் குறைஞ்சத வாங்காதே, கீல்கிட்ட இழுத்துக்கிட்டு நிக்கும்.